இலவச வக்கீலுக்கு ஃபீஸ் கொடுப்பது எப்படி: கேஸுக்கு இவ்வளவா, மாதச் சம்பளமா?

வசதியில்லாதவர்களுக்காக அரசு வைத்திருக்கிற வக்கீல் பட்டியலுக்குப் பேனல் என்று பெயர். அந்தப் பேனல் வக்கீலாக எனக்கு ஒரு கொலை முயற்சி வழக்கு வந்தது. ராத்திரி 9 மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆளை அடையாளம் பார்த்தேன் என்று முக்கியச் சாட்சி சொல்லியிருந்தார். போலீஸ் போட்ட ரஃப் ஸ்கெட்சில் விளக்குக் கம்பம் சம்பவ இடத்தை ஒட்டி ஒரு சின்ன வட்டமாக இருந்தது. நான் வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்தத் தெரு. ஒரு நாள் சாயங்காலம் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். கம்பத்துக்கும் சம்பவ இடத்துக்கும் நடுவே பழைய வேப்பமரம் ஒன்று கிளை பரப்பி நின்றது. இருட்டும்வரை நின்றேன். விளக்கு எரிந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் போனவர்களின் முகம் எனக்குத் தெரியவில்லை, சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தபோது மரத்தைப் பற்றிக் கேட்டேன். ஸ்கெட்சில் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். கட்சிக்காரர் விடுதலையானார்.

அந்தச் சாயங்காலத்துக்கு எனக்கு யாரும் பணம் தரவில்லை. அப்படி ஒரு வேலைக்குப் பணம் கேட்கிற வழியே எங்கள் கட்டண அட்டவணையில் கிடையாது. அதே வருஷம் வந்த இன்னொரு வழக்கில் சம்பவ இடம் 40 கிலோமீட்டர் தள்ளி, ஒரு மலையடிவாரக் கிராமத்தில். நான் போகவில்லை. அங்கே என்ன மரம் நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்குத் தண்டனை ஆயிற்று. இரண்டு வழக்கிலும் வக்கீல் நான்தான், ஃபீஸும் ஒன்றுதான்.

வசதியில்லாதவருக்கு அரசு அமர்த்துகிற வக்கீலுக்கு எந்த முறையில் பணம் கொடுத்தால் அவர் அந்த மலையடிவாரத்துக்குப் போவார்? இந்த ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் நடைமுறையில் இருக்கிற வழிகளை ஒப்பிடுகிறேன். எட்டு வருஷம் பேனலில் இருந்தவன் நான். மாதச் சம்பள முறை வந்தபோது வேலை குறைந்தவர்களில் நானும் ஒருவன். அதை மனதில் வைத்தே படியுங்கள்.

பணம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. 1976-ல் 42-வது திருத்தம் அரசியலமைப்பில் இலவசச் சட்ட உதவி பற்றிய 39ஏ பிரிவைச் சேர்த்தது. 1978-ல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, ஒருவர் மீது வழக்குத் தொடுத்து அவருடைய சுதந்திரத்தைப் பறித்த அரசே அவருக்கு நியமிக்கப்படும் வக்கீலுக்கும் நீதிமன்றம் நியாயமாக நிர்ணயிக்கிற தொகையைக் கொடுக்க வேண்டும் என்றது. 1981-ல் பாகல்பூர் கண் பறிப்பு வழக்கில், நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது, மாஜிஸ்திரேட் முன்னால் முதல்முதலாக நிறுத்தும்போதே வக்கீல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1986-ல் சுக்தாஸ் வழக்கில், கைதி கேட்கவில்லை என்பதையும் காரணமாகக் காட்டக் கூடாது என்றது. 1987-ல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-வது பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்றே வேண்டாம், இலவச வக்கீல் உண்டு. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் இன்னும் தடுமாறுகிறோம்.

முதலில் நான் அறிந்த முறை: கேஸுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுப்பது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து நியமன உத்தரவு வரும். வக்காலத்து போடுவோம். வழக்கை நடத்துவோம். முடிந்த பிறகு தீர்ப்பு நகலோடு நிறைவு அறிக்கையும் பில்லும் கொடுப்போம். அறிக்கை வந்ததும் தாமதமில்லாமல் ஃபீஸ் தர வேண்டும் என்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2010-ம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. என் அனுபவத்தில் பில் போட்டுவிட்டுப் பல மாதம் காத்திருந்திருக்கிறேன். ஒரு வழக்கில் கட்சிக்காரர் தண்டனையை முடித்துவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் பணம் வந்தது.

தாமதத்தைவிடப் பெரிய கோளாறு கணக்கிலேயே இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வாய்தாவில் முடிகிற வழக்குக்கும், இருபது சாட்சியை வைத்து மூன்று வருஷம் இழுக்கிற வழக்குக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தொகை. அப்போது வக்கீலின் ஒவ்வொரு கூடுதல் உழைப்பும் அவர் கைக்காசிலிருந்து போகிறது. குற்றப்பத்திரிகை நகலை எடுத்துக்கொள்ளுங்கள். கைதிக்கு அதை இலவசமாகத் தர வேண்டும், தருகிறார்கள். ஆனால் சாட்சிகளின் வாக்குமூலம் பல நேரம் மங்கிப்போன ஜெராக்ஸின் ஜெராக்ஸாக இருக்கும். காயத்தின் அளவு 3 சென்டிமீட்டரா 8 சென்டிமீட்டரா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். நல்ல நகல் வேண்டுமென்றால் மனுப் போட்டு, நகல் பிரிவில் காத்திருந்து வாங்க வேண்டும். அது அரை நாள் வேலை. மத்தியச் சிறைக்குப் போய்க் கட்சிக்காரரைப் பார்ப்பது எங்கள் ஊரிலிருந்து ஒரு முழு நாள் வேலை. மொத்த ஃபீஸ் வாங்குகிறவர் இவற்றை எல்லாம் செய்தாலும் அதே தொகைதான், செய்யாவிட்டாலும் அதே தொகைதான். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மனசாட்சிக்காகச் செய்கிறார்கள். ஆனால் ஓர் ஏழையின் விடுதலை அவருக்கு வாய்த்த வக்கீலின் மனசாட்சியைப் பொறுத்து அமைவதை முறை என்று சொல்ல முடியாது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. ரிமாண்ட் ஆகி 60 நாளிலோ, பெரிய குற்றமென்றால் 90 நாளிலோ குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் கைதிக்கு ஸ்டேச்சுட்டரி பெயில், அதாவது சட்டமே தருகிற ஜாமீன் உரிமை வந்துவிடும். ஆனால் போலீஸ் குற்றப்பத்திரிகை போடுவதற்குள் மனுவைப் போட்டாக வேண்டும். விட்டால் போயிற்று. அந்த நாளை எண்ணிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். விசாரணைக்கு என்று நியமிக்கப்படுகிற பேனல் வக்கீல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறார். ரிமாண்டுக்கு நிற்கிற வக்கீல் வேறு ஆள், அவர் வேலை அன்றைக்கே முடிந்துவிடுகிறது. 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்களுக்கு நாள் எண்ணுகிற ஆள்தான் முதல் தேவை.

இந்த முறையில் நல்லதும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். தாலுகா கோர்ட் வரைக்கும் பேனலில் ஆள் இருக்கிறார்கள். ஒரே வழக்கில் நான்கு எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், இருந்து ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால் நான்கு பேருக்கும் தனித்தனி வக்கீல் கொடுக்கலாம். பேனல் வக்கீலுக்கு வெளியே சொந்தத் தொழில் இருப்பதால் யார் முகத்தையும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்தச் சொந்தத் தொழில்தான் இலவச வழக்கைக் கடைசி வரிசைக்குத் தள்ளுகிறது. ஃபீஸ் கொடுத்த கட்சிக்காரர் ஆபீஸ் வாசலில் நிற்பார். கொடுக்காதவர் சிறையில் இருப்பார். இதற்கு நடுவில், கட்சிக்காரரிடம் எந்த வகையிலும் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. கைதியின் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்த 500 ரூபாயை நீட்டுவார். கொடுத்தால்தான் நன்றாகப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். திருப்பிக் கொடுத்த பிறகும் நான் நன்றாகப் பார்ப்பேன் என்று அந்த அம்மாவை நம்ப வைப்பதுதான் கஷ்டம்.

வாய்தாவுக்கு இவ்வளவு என்று கொடுக்கலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாய்தா கூடினால் வருமானம் கூடுகிற ஏற்பாட்டை, உள்ளே இருக்கிறவரின் வக்கீலுக்குச் செய்துவைக்கவே கூடாது. அதையே கட்டம் கட்டமாகப் பிரித்தால் பலன் உண்டு: ஜாமீன் மனு, குற்றச்சாட்டு வனைதல், ஒவ்வொரு முக்கியச் சாட்சியின் குறுக்கு விசாரணை, இறுதி வாதம் என்று வேலை முடிய முடியப் பணம்.

மணிக்கணக்கு முறையை அமெரிக்காவில் பார்க்கலாம். 1963-ல் கிடியன் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு வக்கீல் கொடுப்பது மாநிலங்களின் கடமை என்றது. பல இடங்களில் நியமன வக்கீல் எத்தனை மணி உழைத்தார் என்று கணக்கு எழுதிக் கொடுத்தால் அதற்குப் பணம். என் அளவுகோலில் இந்த முறைதான் நேராக நிற்கிறது, வேப்பமரத்தடியில் காத்திருந்த சாயங்காலம் பில்லில் ஏறும். 2023-ல் அங்கே வெளியான தேசிய வேலைப்பளு ஆய்வு, ஒரு கொலை வழக்குக்குச் சராசரியாக 248 மணி நேரம் தேவை என்று கணக்கிட்டது. நம் ஊரில் ஒரு கொலை வழக்குக்குக் கொடுக்கிற மொத்தத் தொகையை 248-ஆல் வகுத்துப் பாருங்கள், முதல் முறையின் நிலை விளங்கிவிடும்.

ஆனால் மணி விகிதத்தை நிர்ணயித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் 1995 முதல் 2019 முடிகிறவரை மணிக்கு 40 டாலர் என்பது அசையவே இல்லை. நியூயார்க்கில் 2004-ல் வைத்த 75 டாலர் 2023-ல்தான் 158 ஆனது. மாசசூசெட்ஸில் ஏழைகளின் வழக்குகளில் பெரும்பகுதியை இப்படிப்பட்ட தனி வக்கீல்களே நடத்துகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வழக்குக்கு மணிக்கு 65 டாலர் போதாது என்று 2025 மே கடைசியில் பலர் புது வழக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். அந்த மாநிலத்தில் 2004 தீர்ப்பு ஒன்று இருக்கிறது: வக்கீல் கிடைக்காதவரை 7 நாளுக்கு மேல் காவலில் வைக்க முடியாது, 45 நாளுக்கு மேல் வழக்கையும் வைத்திருக்க முடியாது. அதன்படி ஜூலையில் பாஸ்டனில் நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. அதன் பிறகுதான் இரண்டு கட்டமாக 20 டாலர் கூட்டினார்கள். அமெரிக்க மத்திய அரசின் நீதிமன்றங்களிலும் 2025 ஜூலை 3-ஆம் தேதி நிதி தீர்ந்து, நியமன வக்கீல்களுக்கான பட்டுவாடா புதிய நிதியாண்டு வரைக்கும் நின்றுபோனது. அன்றைக்கு மணிக்கு 175 டாலர் என்று காகிதத்தில் இருந்தது.

நம் கோர்ட்டுக்கு இது பொருந்துமா என்று யோசித்தால் வேறொரு சிக்கலும் வரும். காலை பத்தரைக்குப் போனால் என் வழக்கு 12 மணிக்கு வரலாம், 4 மணிக்கும் வரலாம். சாட்சி வரவில்லை என்று வாய்தாவும் ஆகலாம். அந்த நேரத்துக்கு யார் கணக்கு? நேரக் கணக்கு எழுதுகிற பழக்கம் மாவட்ட வக்கீல்களிடம் இல்லை, சரிபார்க்கிற ஆளும் இல்லை. இருக்கிற இடத்திலும் பில்லை நீதிபதி வெட்டுகிறார். யார் முன்னால் வாதாடுகிறோமோ அவரே நம் பில்லில் கையெழுத்துப் போடுவது நல்லதல்ல. மனுமேல் மனுப் போட்டு நீதிபதியைச் சங்கடப்படுத்த வேண்டிய வழக்குகள் உண்டு.

நீதிமன்றமே பார்த்து, தனக்கு உதவ அமிக்கஸ் என்று ஒரு வக்கீலை நியமிக்கிற வழக்கமும் இருக்கிறது. மேலே இது நன்றாக நடக்கிறது. மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாபுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய ராஜு ராமச்சந்திரனின் உழைப்பைப் பாராட்டி, 2012 ஆகஸ்ட் தீர்ப்பில் 11 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். கீழே என்ன நடக்கக்கூடும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கண்டுவா மாவட்ட வழக்கு ஒன்று போதும். 2013-ல் ஓர் இளைஞருக்குச் சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்டார். அதே நாளில் குற்றச்சாட்டு வனையப்பட்டது. இரண்டு வாரத்தில் விசாரணையே முடிந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீல் வேண்டும், தயாராவதற்குக் குறைந்தது 7 நாள் வேண்டும் என்றது. அந்த இளைஞர் 2024-ல் விடுதலையானார். பதினோரு வருஷம் போய்விட்டது. அனுபவத்துக்கும் நாளுக்கும் அளவு சொன்ன அந்தத் தீர்ப்புக்குப் பிறகும், பத்து வருஷ அனுபவக்காரரை வரவழைக்கிற ஃபீஸ் எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாநிலமும் அதனதன் போக்கில்தான் வைத்திருக்கிறது.

இப்போது மாதச் சம்பளம். தேசிய ஆணையம் 2022-ல் கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தை, கோர்ட்டில் எல்.ஏ.டி.சி. என்கிறோம். மாவட்டத்துக்கு ஓர் அலுவலகம். தலைமை வக்கீலுக்குக் குற்றவியலில் 10 வருஷ அனுபவமும் செஷன்ஸில் குறைந்தது 30 வழக்கு நடத்தியிருப்பதும் தகுதி. துணைக்கு 7 வருஷம், 20 வழக்கு. அவர்களுக்குக் கீழே உதவி வக்கீல்கள், எழுத்து வேலைக்கு ஆட்கள். வெளியே தொழில் செய்யக் கூடாது. 2023-24 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு 998.43 கோடி ரூபாய் ஒதுக்கியது.

வேலை பறிபோகிறது என்று கசந்தவனாகத்தான் நான் இதைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க மனம் மாறியது. எங்கள் மாவட்டத்து உதவி வக்கீல் ஒருத்தி மேஜையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறாள். இடது பக்கம் கைதி பெயர், வலது பக்கம் ரிமாண்ட் தேதி, அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 60, 90. தினமும் காலையில் முதல் வேலையாக அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறாள். பேனலில் இருந்த எட்டு வருஷத்தில் அப்படி ஒரு நோட்டை நான் யாரிடமும் பார்த்ததில்லை, நானும் வைத்திருந்ததில்லை. ஒரு கேஸை முடித்தால்தான் காசு என்ற கவலை இல்லாதவருக்குத்தான் அந்த நோட்டு போடத் தோன்றும். எதிரே நிற்கிற உதவி அரசு வழக்கறிஞருக்கு மாதச் சம்பளம், பின்னால் ஒரு போலீஸ் ஸ்டேஷனே ஓடியாட இருக்கிறது. இந்தப் பக்கமும் ஓர் அலுவலகம் இருந்தால்தான் தராசு கொஞ்சமாவது நிமிரும்.

இதற்கு நான் அறிந்ததில் வலுவான சான்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வருகிறது. அங்கே 1993 முதல் கொலை வழக்குகளில் ஐந்தில் ஒன்று, ஏழைகளுக்காகச் சம்பள வக்கீல்கள் வாதாடுகிற பொதுப் பாதுகாப்பு வக்கீல் அலுவலகத்துக்குப் போனது. மற்றவை நீதிபதிகள் நியமித்த தனி வக்கீல்களுக்கு. வரிசைப்படி பிரித்ததால் எளிய வழக்கைப் பொறுக்கிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆண்டர்சன், ஹீட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். அலுவலகத்துக்குப் போன வழக்குகளில் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை 19 சதவீதம் குறைவு, ஆயுள் தண்டனைக்கான வாய்ப்பு 62 சதவீதம் குறைவு, அனுபவிக்க வேண்டிய சிறைக்காலம் 24 சதவீதம் குறைவு. சம்பளம் மட்டும் காரணமில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வழக்குக்கு இரண்டு வக்கீல், சம்பவ இடத்துக்குப் போய் விசாரிக்கத் தனி ஆள். தனி வக்கீலுக்கோ தயாரிப்புக்குக் குறைந்த மொத்தத் தொகை, நியமிப்பவர் நீதிபதி.

சம்பள முறை எங்கே உடைகிறது என்பதும் தெரிந்ததுதான். வழக்கு எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாவிட்டால் சம்பள வக்கீல் வழக்குக் கட்டைப் பிரிக்காமலே கோர்ட்டில் நிற்பார். அமெரிக்காவில் 1973-லேயே ஒருவருக்கு ஆண்டுக்கு 150 பெருங்குற்ற வழக்கு அல்லது 400 சிறுகுற்ற வழக்கு என்று உச்ச வரம்பு சொன்னார்கள். அதுவே அதிகம் என்பது இப்போதைய கருத்து. 2016-ல் மிசௌரி மாநிலத்தின் பொதுப் பாதுகாப்பு அலுவலகத் தலைவர், ஆள் போதவில்லை, நிதியை ஆளுநர் நிறுத்தி வைக்கிறார் என்று சொல்லி, வக்கீலான அந்த ஆளுநரையே ஓர் ஏழையின் வழக்குக்கு நியமித்துக் கடிதம் அனுப்பினார். நீதிபதி அது செல்லாது என்றார். ஆனால் அந்த நிலைக்கு வருமுன் எத்தனை கைதிகள் வக்கீல் முகத்தையே பார்க்காமல் இருந்திருப்பார்கள்?

நம் திட்டத்தில் எனக்கு இருக்கிற பயம் ஒப்பந்தத்தைப் பற்றியது. முதலில் 2 வருஷம், பிறகு வேலையை மதிப்பிட்டு வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பு. மதிப்பிடுகிறவர்கள் நீதித்துறையைச் சேர்ந்தவர்கள். எத்தனை வழக்கை முடித்தாய் என்று கேட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பவர்தான் நல்ல வக்கீல் ஆகிவிடுவார்.

ஆக, என் தேர்வு சம்பள அலுவலகம்தான். ரிமாண்ட், ஜாமீன், மாஜிஸ்திரேட் கோர்ட் வழக்குகள் முழுவதும் அங்கே போகட்டும், ஒருவர் கையில் எத்தனை கட்டு என்ற வரம்போடு. ஒப்பந்தம் 5 வருஷமாவது இருக்க வேண்டும். மதிப்பீட்டில் முடித்த வழக்கின் எண்ணிக்கைக்கு இடமே வேண்டாம், சிறைக்கு எத்தனை முறை போனார், எத்தனை ஜாமீன் மனுவை நாள் தவறாமல் போட்டார் என்று பாருங்கள். கொலை, போக்சோ போன்ற செஷன்ஸ் வழக்குக்கு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர். ஒன்றுக்கு மேற்பட்ட எதிரிகளின் நலன் மோதினால் மற்றவருக்குப் பேனல் வக்கீல், அவருக்குக் கட்டம் கட்டமாக ஃபீஸ். செலவுத் தொகையை ஃபீஸிலிருந்து பிரித்துவிட வேண்டும். நகல், சிறைப் பயணம், சம்பவ இடப் பார்வை என்று பில் படிவத்தில் மூன்று வரி இருந்தால் போதும், ரசீதைக் காட்டினால் அந்த மாதமே பணம். பேனலுக்குப் போகிற தொகை குறையும் என்று என் நண்பர்கள் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் நியாயம்தான். இளம் வக்கீல்களுக்குப் பேனல் வருமானம் வாடகைப் பணம். ஆனால் இந்தப் பணம் ஒதுக்கப்படுவது சிறையில் இருப்பவருக்காக.

என் ஜூனியர் உதவி வக்கீல் பணிக்கு விண்ணப்பிக்கலாமா என்று போன வாரம் கேட்டாள். போடும்மா என்றேன். நேர்முகத் தேர்வில் கடைசியாக ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள், அப்போது இரண்டைக் கேள் என்றும் சொன்னேன்: என் கையில் ஒரே நேரத்தில் எத்தனை கட்டு தருவீர்கள், சம்பவ இடம் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வண்டிச் செலவுக்கு யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்?